கொழும்பு ஆற்றுப்படை

வழி அறிந்தவன் அறியாதவனுக்கு வழி கூறுதல் தமிழர் போற்றிய அறங்களுள் ஒன்று. அவ்வறத்தையே ஓர் இலக்கிய வகையாக்கி, ‘ஆற்றுப்படை’ எனப் பெயரிட்டு வழங்கினர் நம் முன்னோர். ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். பத்துப்பாட்டிற் சரிபாதியாகிய ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளே என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். அவற்றுட் கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும் மலைபடுகடாம் மலைவழியை விரித்துரைப்பது. ஆதலின் மலைநாட்டில் வாழும் நமக்கு அஃது உறவுமுறை உடையதொரு நூல்போலத் தோன்றும். அதனைப் பாடிய பெருங்கௌசிகனார் நன்னனுடைய பெருமையைப் புகழ்ந்த அளவில் நின்றுவிடவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், எந்த இடம் வழுக்கும், எங்கே உணவு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லிச் செல்கின்றார். பரிசில் தருபவன் எத்துணைப் பெரியவனாயினும், அவன் வாயிலைச் சென்றடைய மாட்டாத கூத்தனுக்கு அவனாற் பயன் யாது?

இவ்வினா இக்காலத்துக்கும் பொருந்துவதே. பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும், மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்தும் அப்புத்தளை மலைச்சரிவுகளிலிருந்தும், நாள்தோறும் நம் மக்கள் கொழும்புக்குப் புறப்படுகின்றனர். ஒருவர் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்வார். ஒரு தாய் பொறளையிலுள்ள சிறுவர் வைத்தியசாலைக்குக் குழந்தையோடு செல்வாள். ஒருவர் கடவுச்சீட்டுப் பெறப் பத்தரமுல்லைக்கும், அதனைப் பெற்ற மற்றொருவர் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் செல்வர். இவர்களுட் பலர் சிங்களம் பேசுவர். ஆனால் வாசிக்க அறியார். ஆங்கிலம் அவர்களுக்குப் பெயரளவே. வைத்தியரும் உத்தியோகத்தரும் அங்கே உளர். வண்டிகளும் வேண்டியமட்டும் உள. இடையிலே நிற்பது வழி அறியாமை ஒன்றே. ஆதலின், நான் கற்றதும் கண்டதும் கொண்டு கொழும்புக்கு ஓர் ஆற்றுப்படை கூற முற்படுகின்றேன்.

மலையிறங்கும் இரு வழிகள்

பதுளையிலிருந்து தலைநகர்க்குச் செல்லும் வழிகள் இரண்டு. ஒன்று புகையிரதப் பாதை. மற்றொன்று பஸ் செல்லும் பெருவீதி.

1864ஆம் ஆண்டில் கொழும்புக்கும் அம்பேபுஸ்ஸைக்கும் இடையே ஓடத் தொடங்கிய புகையிரதம், சிறிது சிறிதாக மலைமேல் ஏறி, 1885இல் நானுஓயாவையும் 1894இற் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளையை அடைந்ததோ 1924இலேயே. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடைப்பட்ட சிறு தூரத்தைக் கடக்க அதற்கு முப்பது ஆண்டுகள் சென்றன! தெமோதரையில் பாதை தன்னைத்தானே வளைந்து சுற்றித் தனக்கே கீழாகப் புகுந்து செல்லும் விந்தையைக் கண்டோர், அக்காலத் தாழ்வுக்குக் காரணம் ஒருவாறு உணர்வர். பதுளையிலிருந்து கொழும்புக் கோட்டை வரை இப்பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளமுடையது. பட்டிப்பொலவுக்கு அண்மையிற் கடல்மட்டத்துக்கு மேல் 1,898 மீற்றர் உயரத்தைத் தொட்டு இறங்குவது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலும் அதனோடு வந்த மண்சரிவுகளும் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களிற் குலைத்தன. ஆதலின், புகையிரதத்திற் செல்ல எண்ணுவோர் எந்த நிலையம் வரை எந்த நேரத்தில் வண்டி உண்டு என்பதை முன்னாளே நிலையத்திற் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

பஸ் வழி, பண்டாரவளை, அப்புத்தளை, பெரகலை, ஹல்துமுல்லை, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை என இறங்கிச் செல்வது. இவ்வழிக்குரிய எண் 99. தூரம் ஏறத்தாழ 230 கிலோமீற்றர். புகையிரதத்தினும் விரைவானதாயினும், வளைவுகள் மிகுந்தமையால் நோயாளிகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் வருத்தந் தருவது. மகரகம வைத்தியசாலைக்குச் செல்வோர் ஒன்றை நினைவிற் கொள்க: வண்டி ஹைலெவல் வீதி வழியாகக் கொழும்புக்குட் புகுமாயின், புறக்கோட்டை வரை சென்று மீள வேண்டுவதில்லை, மகரகமவிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்தல் நன்று.

தலைநகர் என்றவுடன் கொழும்பு என்றே நாம் கூறுகின்றோம். சட்டப்படி நாட்டின் தலைநகரம் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை; பாராளுமன்றம் 1982இல் அங்கே மாற்றப்பட்டது. அதனை அடுத்த பத்தரமுல்லையில் அரசாங்க அலுவலகங்கள் பல உள்ளன. ‘கோட்டை’ என்று கடிதத்திற் கண்டவுடன் புகையிரத நிலையம் அமைந்த கொழும்புக் கோட்டை என மயங்குதல் கூடாது. ஒரு பெயர் ஈரிடத்துக்கு நிற்கும் இடம் இது.

புறக்கோட்டையில்

பஸ்ஸிற் செல்வோர் சென்று சேருமிடம் புறக்கோட்டை. அங்கே பஸ் நிலையம் ஒன்றன்று, மூன்று. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் மத்திய பஸ் நிலையம், தூர ஊர்களுக்குச் செல்லும் தனியார் பஸ்கள் நிற்கும் பஸ்டியன் மாவத்தை, குணசிங்கபுரம் என்பன அவை. மூன்றும் நடக்குந் தூரத்தில் உள்ளனவாயினும், சுமையோடும் குழந்தையோடும் வருபவர்க்கு ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தேடிச் செல்வது ஒரு மலை ஏறுவதற்கு ஒப்பாகும். மத்திய நிலையத்தில் 2025ஆம் ஆண்டு புனரமைப்பு வேலை தொடங்கியமையால் வண்டிகள் நிற்கும் இடங்கள் மாறின. ‘முன்பு இங்கேதான் ஏறினேன்’ என்னும் நினைவை நம்பி நில்லாது, உரிய எண்ணுடைய வண்டி எங்கே நிற்கின்றது என்று கேட்டறிதல் வேண்டும்.

குணசிங்கபுரம் என்னும் பெயர்க்கு ஒரு வரலாறு உண்டு. கொழும்பு வீதிகளில் 1899 முதல் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடின. அத்தொழிலாளர் 1929இல் நடத்திய வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர் ஏ. ஈ. குணசிங்க. அவரோடு சேர்ந்து தொழிற்சங்கப் பணி புரிந்து, பின்னர்க் கருத்து வேறுபட்டுப் பிரிந்து, மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்க்கென 1931இற் சங்கம் கண்டவர் கோ. நடேசய்யர். தலைநகரின் வண்டித் தொழிலாளரும் நம் தோட்டத்து மக்களும் ஒருகாலத்தில் ஒரே இயக்கத்தின் நிழலில் நின்றனர் என்பதை இப்பெயர் நமக்கு நினைவூட்டும். ட்ராம் வண்டி 1960இலும், 1953இல் வந்த ட்ரொலி பஸ் 1964இலும் நின்றுபோயின. இன்று எஞ்சியிருப்பன பஸ்ஸும் புகையிரதமும் முச்சக்கர வண்டியுமே.

எண் என்னும் கண்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக மதித்தல் நம் மரபு. கொழும்பிற் பிரயாணம் செய்பவனுக்கு இவ்வுண்மை புத்தகத்திற் கண்டதினும் வீதியில் நன்கு விளங்கும்.

எண்ணாகிய கண் அங்கே தெளிவாக உள்ளது. ஒவ்வொரு பஸ் வழிக்கும் ஓர் எண் உண்டு. 100, 101 என்பன காலி வீதி வழியே கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை எனச் சென்று, முறையே பாணந்துறையிலும் மொரட்டுவையிலும் முடிவன. 138 என்பது நகர மண்டபம், பொது நூலகம் கடந்து நுகேகொடை, மகரகம செல்லும். 120 ஹொரணைக்குரியது. 177 கொள்ளுப்பிட்டியிலிருந்து இராஜகிரிய, பத்தரமுல்லை, மாலபே வழியாகக் கடுவெலவுக்குச் செல்லும். புறக்கோட்டையிலிருந்து பத்தரமுல்லைக்குச் செல்வார்க்கு 170 உதவும். கட்டுநாயக்கவுக்கு 187. எண்ணோடு சாய்கோடிட்டு மற்றோர் எண் காணப்படின், அவ்வண்டி அதே வழியிற் சிறிது சென்று வேறிடத்துக்குப் பிரியும் என்று அறிக.

நகரப் பகுதிகளுக்கும் எண்கள் உள. கோட்டை கொழும்பு 1 ஆகும். கொம்பனித்தெரு 2, கொள்ளுப்பிட்டி 3, வெள்ளவத்தை 6, கறுவாத்தோட்டம் 7, பொறளை 8, மருதானை 10, புறக்கோட்டை 11, கொட்டாஞ்சேனை 13, முகத்துவாரம் 15. கடிதத்தின் தலைப்பில் ‘கொழும்பு 7’ எனக் கண்டால் அஃது எப்பகுதி என்பதை மொழி அறியாதவனும் அறியலாம். எண்ணுக்குச் சாதியுமில்லை, மொழியுமில்லை.

நெரிசல் மிக்க காலை வேளையிற் பஸ்ஸை விடப் புகையிரதம் நேரத்தைக் காக்கும். கோட்டையிலிருந்து தெற்கே கடலை ஒட்டிச் செல்லும் பாதையிற் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை ஆகிய இடங்களிலெல்லாம் நிலையங்கள் உண்டு. களனிப் பள்ளத்தாக்குப் பாதையோ மருதானை, நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மகரகம வழியாக அவிசாவளை செல்வது. முச்சக்கர வண்டியில் ஏறுவோர் மீற்றர் ஓடுகின்றதா எனப் பார்த்து ஏறுக. மீற்றர் இல்லையெனின் கூலியை முன்னரே பேசி முடித்துக்கொள்க. கைத்தொலைபேசிச் செயலி வழியாக வண்டி அழைக்க அறிந்த பிள்ளைகள் உடன் இருப்பாராயின், கூலி எவ்வளவு என்பது ஏறுமுன்பே தெரிந்துவிடும். இவையே இக்காலத்துப் பன்றிப்பொறிகளும் வழுக்குநிலங்களும்.

எழுத்து என்னும் கண்

எழுத்தாகிய கண்ணுக்கு வருவோம். அங்கேதான் நம்மவர்க்குப் பார்வை மங்குகின்றது.

கொழும்பின் இடப்பெயர்கள் பல, தமிழில் ஒன்றும் சிங்களத்தில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக மும்மூன்று வடிவம் உடையன. நாம் புறக்கோட்டை என்பது சிங்களத்திற் பிட்டகொட்டுவ; ஆங்கிலத்திற் பெட்டா. கறுவாத்தோட்டம் சிங்களத்திற் குருந்துவத்த. ஆங்கிலத்திற் சினமன் கார்டின்ஸ். கல்கிசையைச் சிங்களவர் கல்கிஸ்ஸ என்பர். ஆங்கிலத்தில் மவுண்ட் லவினியா. நமது முகத்துவாரம் சிங்களத்தில் மோதர, ஆங்கிலத்தில் மட்வால். செட்டியார் தெருவுக்கு ஆங்கிலப் பெயர் சீ ஸ்றீற்.

மொழிநூற் கண்கொண்டு நோக்குவார்க்கு இப்பெயர்களிடையே ஓர் இனிய உறவு புலனாகும். ‘பிட்ட’ என்பது புறம். ‘கொட்டுவ’ என்பது கோட்டை. ஆகவே தமிழ்ப்பெயரும் சிங்களப்பெயரும் ஒரே பொருளை உரைப்பன. ஆங்கிலர் வழங்கிய பெட்டாவோ நமது ‘பேட்டை’ என்னும் சொல்லின் திரிபு. குருந்து என்பது கறுவா. வத்த என்பது தோட்டம். மட்வால் என்பது முகத்துவாரத்தின் சிதைவு. சொற்கள் இவ்வாறு ஒன்றோடொன்று உறவாடி வாழ்கின்றன. அவற்றைப் பேசும் மக்களே ஒருவர் பெயரை ஒருவர் அறியாது நிற்கின்றனர்.

இவ்வறியாமையாற் புலவர்க்கு நட்டமில்லை, ஏழைக்கு உண்டு. என்னிடம் கற்ற மாணவன் ஒருவன், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன், உயர்தரம் தேறியவன். கறுவாத்தோட்டத்து அலுவலகம் ஒன்றிற் காலை ஒன்பது மணிக்கு நேர்முகத் தேர்வு என்று அவனுக்குத் தமிழிற் கடிதம் வந்தது. இரவு பஸ்ஸிற் புறப்பட்டு, விடியுமுன் புறக்கோட்டையில் இறங்கினான். ‘கறுவாத்தோட்டத்துக்கு எந்த பஸ்?’ என்று பலரை வினவினான். குருந்துவத்த என்று கேட்டிருப்பின் உடனே காட்டியிருப்பர். கறுவாத்தோட்டம் என்னும் பெயரை அவர்கள் கேட்டதில்லை. பஸ் பலகைகளில் அப்பெயரைத் தேடினான். பலகையில் எழுதப்படுவது வண்டி முடியும் ஊரின் பெயரே. இடைவழி இடங்கள் சில எழுதப்பட்டிருந்தன, அவையும் அவன் வாசிக்கக்கூடிய எழுத்தில் இல்லை. அவன் ஏறவேண்டிய 138ஆம் இலக்க வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவன் கண்முன்னே சென்றன. முடிவில் முச்சக்கர வண்டியொன்றில், கையிலிருந்த பணத்திற் பெரும்பகுதியைக் கொடுத்து, அவன் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேமுக்கால். அவன் பெயரை அழைத்து முடித்துவிட்டனர். அவ்வேலை அவனுக்குக் கிட்டவில்லை.

அவன் தமிழிற் கடிதம் பெற்றான். அவன் மொழிக்குரிய உரிமை கடிதத்தோடு முடிந்துவிட்டது. கடிதத்துக்கும் கதவுக்கும் இடையில் அவனுக்குத் தமிழ் இல்லை.

ஓர் எழுத்தின் வரலாறு

பஸ்ஸும் எழுத்தும் இந்நாட்டில் முன்னரும் பகைத்ததுண்டு. தனியார் கம்பனிகள் நடத்திய பஸ் சேவைகள் 1958 ஜனவரி முதலாம் நாள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. தனிச் சிங்களச் சட்டம் வந்து இரண்டாண்டு நிறையாத காலம் அது. வாகன இலக்கத் தகடுகளிற் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பொறிக்கப்பட்டது. அவ்வெழுத்தைத் தாங்கிய அரச பஸ்கள் வடபகுதிக்கு அனுப்பப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு மலைநாட்டிலும் பரவியது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் நிகழ்ந்த இனக்கலவரத்தை வரலாறு மறவாது. ஊர்களை இணைப்பதற்கென ஏற்பட்ட வண்டி, ஓர் எழுத்தின் காரணமாக மக்களைப் பிரிக்கும் கருவியாயிற்று.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. பஸ் பலகைகளிலும் நிலையங்களிலும் மும்மொழியுங் காணும் இடங்கள் இன்று உள. அதனை மறுத்தல் நன்றியன்று. ஆயினும் தமிழ் இல்லாத பலகைகளும், இருந்தும் பிழைபட்ட பலகைகளும் பல. கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய இருக்கையின் மேல், ‘தா’ என்னும் எழுத்து ‘நா’ ஆகிக் கிடந்த கொடுமையைப் பத்திரிகைகளிற் படத்துடன் கண்டோம். சிலர் நகைத்தனர். அவ்விருக்கையில் அமர வேண்டிய தாய் அதனை வாசிக்கும்போது அவள் நெஞ்சில் எழுவது நகையோ?

நம் தோட்டத்து மக்களுக்கு இஃது ஏனைய தமிழரினும் ஆழமாகத் தைக்கும். அவர்தம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மலைநாட்டை அடைந்தவர்கள். வழியில் மாண்டவர் பலர். தோட்டம் வந்தபின், கடன் தீர்ந்தது என்று காட்டும் ‘துண்டு’ இன்றி மற்றொரு தோட்டத்துக்குப் போக இயலாதிருந்தனர். அத்துண்டு முறை 1921இல் ஒழிந்தது. தன் விருப்பப்படி புறப்பட்டுச் செல்லுதல் என்பது அவர்கள் அரும்பாடுபட்டுப் பெற்ற உரிமை. புறப்படும் உரிமை கிடைத்து ஒரு நூற்றாண்டு கடந்தது. சென்று சேரும் வழியைத் தம் கண்ணால் வாசித்தறியும் உரிமை இன்னும் முழுமையாகவில்லை.

செய்யத்தக்கன

இதற்குச் செய்யத்தக்கன மூன்று என்பது என் கருத்து.

முதலாவது, ஆசிரியர் கடன். கொழும்பின் பதினைந்து பகுதிகளின் எண்களையும், ஒவ்வொன்றின் மும்மொழிப் பெயர்களையும் ஓர் அட்டவணையாக வகுப்பறைச் சுவரில் எழுதி வைத்தற்கு எவருடைய அனுமதியும் வேண்டா. அதனோடு சிங்கள நெடுங்கணக்கை வாசிக்க மட்டும் கற்பிப்பினும் போதும். ஒரு தவணையில் முடியும். மற்றொரு மொழியின் எழுத்தை அறிதல் நம் மொழிக்கு இழிவன்று. நகரத்துச் சிங்களப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே தமிழ் எழுத்தும் தமிழ்ப் பெயர்களும் கற்பிக்கப்பட்டால், கறுவாத்தோட்டம் எங்கே என்று கேட்பவனுக்கு விடை கூறுவார் இருப்பர்.

இரண்டாவது, தமிழ்ச் சங்கங்களின் கடன். பலகை எழுதுமுன் தமிழ் அறிந்த ஒருவர் அதனைப் பார்த்துத் திருத்தினால் பிழைகள் நீங்கும். ஒவ்வொரு நகரிலும் இலக்கிய வட்டத்தினர் இருவர் மூவர், இப்பணியை ஊதியமின்றிச் செய்ய முன்வருகின்றோம் என்று பஸ் சாலைக்கும் புகையிரத நிலையத்துக்கும் எழுத்தில் அறிவித்தல் கூடும். பிழை கண்டவிடத்து நகைப்பதினும் இது பயனுடைத்து.

மூன்றாவது, அழைப்போர் கடன். வைத்தியசாலையோ அலுவலகமோ ஒருவரைத் தன் வாயிலுக்கு அழைக்கும்போது, அக்கடிதத்தின் அடியில் இரண்டு வரி சேர்த்தல் வேண்டும்: புறக்கோட்டையிலிருந்து இத்தனையாம் இலக்க பஸ், இறங்க வேண்டிய தரிப்பிடம் இது, அதன் சிங்களப் பெயர் இது, என்று. மை செலவு ஒரு சதமும் ஆகாது. அவ்விரண்டு வரி இருந்திருப்பின் என் மாணவன் ஒன்பது மணிக்கு முன்னரே அக்கதவின் முன் நின்றிருப்பான்.

இக்கட்டுரையை வாசிக்கும் ஆசிரியருள், நாளை கொழும்புக்குப் புறப்படும் மாணவன் ஒருவனை அறியாதார் அரியர். அவன் கையில் ஒரு துண்டுக் காகிதத்தில் பஸ்ஸின் எண்ணையும், இறங்குமிடத்தின் பெயரை இரு மொழியிலும் எழுதிக் கொடுத்து அனுப்புவீராக.